பிரேக் கோளாறு: பேட், டிஸ்க் மாற்றும் முன்பும் பின்பும் பார்க்க வேண்டியவை

"அண்ணா, போன மாசம்தான் பேடு மாத்தினேன், மறுபடியும் கத்துதுங்க." பிரேக் விஷயமாக என்னிடம் வண்டியைக் கொண்டுவருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பிரேக்குக்கு வேலை அதிகம். சேலம் போனால் தொப்பூர் கணவாய் இறக்கம். பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் போனாலும் இறக்கம். வத்தல்மலைக்குப் போய்த் திரும்பினால் கேட்கவே வேண்டாம். கிருஷ்ணகிரிப் பக்கம் குவாரித் தூசியும் சேர்ந்துகொள்ளும். அதனால் சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கும், அதை இறுக்கிப் பிடிக்கும் பேடும் தேயத்தான் செய்யும். ஆனால் சீக்கிரமே தேய்ந்துவிட்டது, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் காலிப்பரிலோ (பேடை டிஸ்க்கோடு அழுத்தும் பாகம்), ஹப்பிலோ (டிஸ்க்கும் சக்கரமும் மாட்டியிருக்கும் நடுப்பாகம்), ஹோஸிலோ (பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய்) இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் புதுப் பேட் போட்டால் அதுவும் அதே வழியில் போய்விடும்.

முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் உள்ள சாதாரணக் கார்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஒவ்வொரு அறிகுறியிலும் காசு செலவில்லாத சோதனை முதலில் வரும், செலவு அதிகமானது கடைசியில் வரும்.

முதலில் ஒன்று: இந்த நிலையில் வண்டியை நகர்த்தவே வேண்டாம்

பெடல் தரைவரை போகிறது, சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் வழிந்திருக்கிறது, ஹேண்ட் பிரேக்கை இறக்கிய பிறகும் சிவப்பு பிரேக் விளக்கு எரிகிறது: இந்த மூன்றில் எது இருந்தாலும் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், இல்லையென்றால் வண்டியை ஏற்றி அனுப்புங்கள். "பக்கத்துத் தெருதானே, மெதுவாக ஓட்டிப் போய்விடலாம்" என்ற பேச்சே கூடாது.

அறிகுறி 1: கீச்சென்ற சத்தம்

*காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்கில் மட்டும் வந்தால்:* ராத்திரி மழையோ பனியோ பட்டு டிஸ்க்கில் மெல்லிய துரு படிந்திருக்கும். பேட் உரசியதும் போய்விடும். எதையும் கழற்ற வேண்டாம்.

*ஓடும்போது கீச்சிட்டு, பிரேக்கில் கால் வைத்தால் நின்றாலோ மாறினாலோ:* பேட் தேய்ந்ததைச் சத்தத்தால் காட்டும் தேய்மானத் தகடு டிஸ்க்கைத் தொட ஆரம்பித்திருக்கலாம். அலாய் வீல் என்றால் இடுக்கு வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். இரும்புத் தகட்டை விட்டுவிட்டு உரசும் பொருளின் தடிமனை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும். அது 3 மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டால் மாற்றும் நேரம். வெளிப் பேட் மட்டும் கண்ணில் பட்டு, அது தடிமனாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். உள்பேட் முழுசாகத் தேய்ந்து போயிருக்கலாம். சக்கரத்தைக் கழற்றி இரண்டையும் பார்த்தால்தான் முடிவு சொல்ல முடியும்.

*மெதுவாக பிரேக் பிடிக்கும்போது மட்டும், எப்போதும் வந்தால்:* பேட் நன்றாக இருந்தும் கத்தினால், பேட் உட்காரும் கிளிப்பில் அழுக்கு சேர்ந்திருக்கும், அல்லது பேடின் முதுகில் இருக்கும் ஷிம் தகடு இல்லாமல் போயிருக்கும். கிளிப்பைக் கழற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பிரேக் கிளீனர் அடித்து மாட்டுங்கள். பேடின் காது கிளிப்போடு உரசும் இடத்திலும் முதுகிலும் பிரேக்குக்கென்றே விற்கும் கிரீஸை மெல்லிதாகத் தடவினால் போதும். உரசும் பக்கத்தில் ஒரு துளி பட்டாலும் அந்தப் பேடை மாற்றியாக வேண்டும்.

அறிகுறி 2: கரகரவென்று இரும்பு உரசும் சத்தம்

ஜல்லி ரோட்டிலோ குவாரி லாரி போகும் ரோட்டிலோ போய் வந்த உடனே, பிரேக் பிடிக்காமலே சத்தம் வந்தால் முதலில் டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தகட்டைப் பாருங்கள். அந்த இடுக்கில் ஒரு சின்னக் கல் மாட்டினாலே வண்டி உடைந்துபோகிற மாதிரி சத்தம் வரும். ரிவர்ஸில் கொஞ்ச தூரம் எடுத்தால் சில சமயம் தானே விழுந்துவிடும். விழவில்லை என்றால் சக்கரத்தைக் கழற்றி, தகட்டை ஸ்க்ரூ டிரைவரால் லேசாக நெம்பிக் கல்லை எடுங்கள். தகடு வளைந்திருந்தால் நேராக்கிவிடுங்கள்.

பிரேக் பிடிக்கும்போது கரகரத்தால் பேட் முழுசாகத் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசுகிறது. இதில் பேட் மட்டும் மாற்றினால் போதாது. டிஸ்க்கில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் டிஸ்க்கும் போக வேண்டும், அல்லது அளவு இடம் கொடுத்தால் லேத்தில் கடைய வேண்டும்.

குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கின் நடுக்கிண்ணத்திலோ ஓரத்திலோ பொறித்திருக்கும். சின்னக் கார்களில் பெரும்பாலும் புது அளவுக்கும் இதற்கும் 2 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். 22 என்றால் 20 வரை. அளக்கும்போது ஒரு சிக்கல் உண்டு. டிஸ்க்கின் வெளி விளிம்பு தேயாமல் மேடாக நிற்கும். வெர்னியரை (தடிமன் அளக்கும் கருவி) நேராக வைத்தால் அந்த மேட்டைத்தான் அளக்கும், டிஸ்க் நன்றாக இருப்பதாகக் காட்டும். ஒரே மாதிரி இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை எடுத்து இரண்டையும் சேர்த்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். விளிம்புக்கு உள்ளே டிஸ்க்கின் இரு பக்கமும் ஒவ்வொரு நாணயத்தை வைத்து அளந்து, நாணயத்தின் கணக்கைக் கழித்தால் உண்மையான தடிமன் வந்துவிடும். கடைந்த பிறகும் குறைந்தபட்ச அளவுக்கு மேலே இருக்கும் என்றால் மட்டும் லேத்துக்குக் கொடுங்கள். கடைந்து மெலிந்த டிஸ்க் சீக்கிரம் சூடாகும், சூட்டைத் தாங்காது. தொப்பூரில் அடிக்கடி இறங்குகிற வண்டி என்றால் கடைவதை விடப் புது ஜோடி போடச் சொல்வேன்.

அறிகுறி 3: பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது

இதில்தான் அதிகக் காசு வீணாகிறது. "டிஸ்க் வளைந்துவிட்டது" என்று சொல்லிப் புது டிஸ்க் போடுவார்கள், சில ஆயிரம் கிலோமீட்டரில் அதே நடுக்கம் திரும்பி வரும்.

முதலில், நடுக்கம் பிரேக் பிடிக்கும்போது மட்டும்தானா என்று தெரிந்துகொள்ளுங்கள். பிரேக்கில் கால் வைக்காமல் 80, 90 வேகத்தில் நடுங்கினால் அது வீல் பேலன்ஸ். டயர் கடைக்குப் போங்கள், பிரேக்கைத் தொட வேண்டாம்.

பிரேக்கில் மட்டும் என்றால், ஸ்டியரிங்கில் நடுக்கம் தெரிந்தால் முன் சக்கரம், சீட்டில் தெரிந்தால் பின் சக்கரம் என்று வைத்துக்கொள்ளலாம். சந்தேகமாக இருந்தால் ஆள் இல்லாத நேர் ரோட்டில், 30, 40 வேகத்தில், ஹேண்ட் பிரேக்கின் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே மெல்ல இழுத்துப் பாருங்கள். அப்போதும் நடுங்கினால் பின் டிரம்மைப் பார்க்க வேண்டும். பட்டன் தட்டும் எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள வண்டியில் இதைச் செய்யாதீர்கள்.

*வீல் நெட்டு:* டயர் கடையில் காற்றுத் துப்பாக்கியால் கண்டபடி இறுக்கியிருப்பார்கள். ஒரு நெட்டு அதிகம், ஒரு நெட்டு குறைவு என்றால் டிஸ்க் கோணலாக உட்காரும். எல்லாவற்றையும் தளர்த்தி, எதிரெதிராக, டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) வைத்து இறுக்குங்கள். சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும். உங்கள் வண்டிக்கான சரியான அளவு கையேட்டில் இருக்கும்.

*ஹப் முகம்:* என் அனுபவத்தில் திரும்பத் திரும்ப வரும் நடுக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். டிஸ்க் உட்காரும் ஹப்பில் துருச் செதில் இருக்கும். அதன் மேலேயே புது டிஸ்க்கைப் போட்டால் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோணலால் ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்க்கின் ஒரே இடம் பேடில் தட்டித் தட்டி, டிஸ்க்கில் அந்த இடம் மட்டும் மெலிந்துவிடும். நடுக்கம் அப்போதுதான் தொடங்கும். கம்பி பிரஷ், உப்புத்தாள் வைத்து ஹப் முகம் பளிச்சென்று ஆகும்வரை தேயுங்கள், முக்கியமாக நெட்டு மாட்டும் ஸ்டட்டைச் சுற்றி. கோணலை அளக்கும் டயல் கேஜ் கிடைத்தால் டிஸ்க்கை நெட்டு போட்டு இறுக்கிச் சுற்றிப் பாருங்கள். பல வண்டிகளில் கோணல் 0.05 முதல் 0.1 மில்லிமீட்டருக்குள் இருக்கச் சொல்வார்கள். அதிகமாக இருந்தால் டிஸ்க்கை ஒரு ஸ்டட் தள்ளி மாட்டி மறுபடி பாருங்கள். அதிலேயே சரியாகிவிடுவது உண்டு.

*பேட் பூச்சு:* மலை இறங்கி வந்து, டிஸ்க் கொதிக்கும்போது பிரேக்கை அழுத்தியபடியே நின்றால், பேடின் பொருள் அந்த இடத்தில் டிஸ்க்கில் அப்பிக்கொள்ளும். நீல நிறத்திலோ கறுப்பாகவோ திட்டு தெரியும். லேசாக இருந்தால் பேடையும் டிஸ்க்கையும் உப்புத்தாளில் தேய்த்துப் பார்க்கலாம். ஆழமாக இருந்தால் டிஸ்க் மாற்றம்தான்.

*இதற்கு மேல்:* ஹப்பும் சுத்தம், புது டிஸ்க்கும் போட்டாயிற்று, டயல் கேஜ் இன்னும் அதிகமாகக் காட்டுகிறது என்றால் வீல் பேரிங் அல்லது ஹப் போயிருக்கும். பேரிங்கை பிரஸ்ஸில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். அதைப் பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள்.

அறிகுறி 4: பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது

டயர் காற்றைப் பாருங்கள். அப்புறம் இரண்டு டயரும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பாதிப் புகார் இதோடு முடிந்துவிடும்.

பிரேக் பிடித்தால் மட்டும் இடப்பக்கம் இழுத்தால், கோளாறு பெரும்பாலும் வலப்பக்கத்தில். வலப்பக்கம் சரியாகப் பிடிக்கவில்லை, அதனால்தான் இடப்பக்கம் வெல்கிறது. பிரேக்கில் கால் வைக்காதபோதும் இடப்பக்கமே இழுத்தால், இடப்பக்கம் பிடித்த பிரேக் விடாமல் இருக்கலாம். அடுத்த அறிகுறிக்குப் போங்கள். சூடு எதுவும் தெரியவில்லை என்றால் அலைன்மென்ட்.

அறிகுறி 5: ஒரு சக்கரம் மட்டும் சூடாகிறது, கருகல் வாடை

பத்துப் பதினைந்து கிலோமீட்டர், முடிந்தவரை பிரேக் குறைவாக ஓட்டி, சமதரையில் தானே நிற்கவிட்டு இறங்குங்கள். கையை ரிம்முக்குப் பக்கத்தில் கொண்டு போய் இடது, வலது ஒப்பிட்டுப் பாருங்கள். டிஸ்க்கைத் தொடாதீர்கள், தோல் ஒட்டிக்கொள்ளும். பின் சக்கரத்தை விட முன் சக்கரம் சூடாக இருப்பது இயல்பு. இடதுக்கும் வலதுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால்தான் கோளாறு.

பின் சக்கரம் என்றால் முதல் சந்தேகம் ஹேண்ட் பிரேக் கேபிள் மேல். முன் சக்கரம் இரண்டுமே சூடு என்றால், கால் மிதியடி சுருண்டு பெடலை அழுத்துகிறதா என்று குனிந்து பாருங்கள். அதுவும் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் ஆயிலை அழுத்தி அனுப்பும் பாகம்) பக்கம் சந்தேகம் போக வேண்டும், அது மெக்கானிக் வேலை.

ஒரு முன் சக்கரம் மட்டும் என்றால் மூன்று காரணம்: ஸ்லைடு பின் (காலிப்பர் நகர உதவும் கம்பி), பிஸ்டன் (பேடைத் தள்ளும் உருளை), ஹோஸ். மூன்றையும் பிரிக்க ஒரே சோதனை இருக்கிறது. சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, பிரேக்கை மிதித்து விட்டுவிட்டு, கையால் சுற்றிப் பாருங்கள். இறுகி இருந்தால், காலிப்பரின் ஏர் நிப்பிளில் (ஏர் எடுக்கத் திறக்கும் திருகு) டியூப் மாட்டி, ரிங் ஸ்பேனரால் சற்றே திறவுங்கள். ஆயில் பீய்ச்சி வந்து சக்கரம் உடனே விட்டுவிட்டால், அழுத்தம் உள்ளே மாட்டியிருக்கிறது. பழைய ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி, போன ஆயிலைத் திரும்ப விடுவதில்லை. வெளியே பார்த்தால் ஹோஸ் நன்றாகவே இருக்கும். திறந்தும் சக்கரம் விடவில்லை என்றால் பிஸ்டனோ ஸ்லைடு பின்னோ இறுகியிருக்கிறது.

காலிப்பரைக் கழற்றி ஸ்லைடு பின்னைக் கையால் இழுத்துப் பாருங்கள். விரலால் வழுக்கிப் போக வேண்டும். இறுகினால் வெளியே எடுத்து, துருவைத் தேய்த்து, ரப்பருக்கு ஒத்துக்கொள்ளும் சிலிக்கான் கிரீஸ் போட்டு மாட்டுங்கள். சாதாரண பேரிங் கிரீஸ் போடாதீர்கள், ரப்பர் உறை ஊதிப்போய் மறுபடி இறுகும். மேல் பின், கீழ் பின் இரண்டும் பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் ஒன்றில் ரப்பர் வளையம் இருக்கலாம். இடம் மாற்றி மாட்டக் கூடாது. உறை கிழிந்திருந்தால் புதுசு போடுங்கள், மிகச் சின்னச் செலவுதான். ஒரு ஜோடியில் ஒரு பேட் தேய்ந்து இன்னொன்று அப்படியே இருக்கிறது, அல்லது பேட் சாய்வாகத் தேய்ந்திருக்கிறது என்றால் இந்தப் பின்களைப் பார்க்காமல் புதுப் பேட் பெட்டியைப் பிரிக்கவே வேண்டாம்.

ஸ்லைடு பின் சரியாக இருந்து பிஸ்டன் மட்டும் உள்ளே போக மறுத்தால் சீல் கிட் அல்லது முழுக் காலிப்பர். ஹோஸ், பிஸ்டன் இரண்டுமே பிரேக் லைனைத் திறக்கும் வேலை. லைனில் புகுந்த ஏரை வெளியே எடுத்துப் பழக்கம் இல்லாதவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

அறிகுறி 6: பெடல் பஞ்சு மாதிரி இருக்கிறது, ஆழமாகப் போகிறது

பிரேக் ஆயில் டப்பாவின் அளவைப் பாருங்கள். பேட் தேயத் தேய ஆயில் கொஞ்சம் இறங்குவது இயல்பு. திடீரென்று இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. மேலே ஊற்றிச் சமாளிக்காமல் நான்கு சக்கரத்தின் உள்பக்கத்தையும், மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரோடு (மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பாகம்) சேரும் இடத்தையும் துணியால் துடைத்துப் பாருங்கள்.

வேகமாக நாலைந்து முறை மிதித்ததும் பெடல் மேலே ஏறி நின்றால் லைனில் ஏர் இருக்கலாம், அல்லது பின் டிரம்மில் ஷூ (டிரம்முக்குள் உரசும் பாகம்) இடைவெளி அதிகமாகியிருக்கலாம். ஒரே அழுத்தத்தில் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்ல மெல்ல இறங்கினால் ஒழுகல் அல்லது மாஸ்டர் சிலிண்டர். வண்டியை ஓட்டாதீர்கள்.

ஆயில் பழசானாலும் சூட்டில் பெடல் பஞ்சாகும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். டப்பா மூடியில் டாட் 3, டாட் 4 எது போட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள். டாட் 5 என்பது சிலிக்கான், அதைக் கலக்கக் கூடாது. திறந்து வைத்த பழைய டின் வேண்டாம், காற்றின் ஈரத்தை அது குடித்திருக்கும். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். ஏபிஎஸ் வண்டியில் டப்பா காலியாகும் வரை விட்டு உள்ளே ஏர் போய்விட்டால், சில மாடல்களுக்கு ஸ்கேனர் மாட்டித்தான் ஏர் எடுக்க முடியும்.

அறிகுறி 7: பெடல் இறுகி, எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்கவில்லை

இஞ்சினை அணைத்துவிட்டு நாலைந்து முறை மிதியுங்கள், பெடல் இறுகும். காலை அழுத்திப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்கவில்லை என்றால் பூஸ்டருக்குப் போகும் வேக்குவம் பைப் கழன்றிருக்கிறதா, விரிசல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். பைப் சரி என்றால் அதற்கு மேல் வேக்குவம் பம்ப், பூஸ்டர். இரண்டும் பட்டறை வேலை.

டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் இஞ்சினை அணைத்து உருட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்போதும் இதே இறுக்கம்தான் வரும். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

அறிகுறி 8: இறக்கத்தில் பாதி வழியில் பிரேக் பிடிக்காமல் போகிறது

பெடல் உறுதியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் அதிகமாகச் சூடேறிவிட்டது. பெடல் பஞ்சாகி உள்ளே போனால் ஆயில் கொதித்துவிட்டது. டாட் 4 ஆயில் புதிதில் 230 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும், ஈரம் குடித்த பிறகு அந்தத் தரத்தின் வரம்பு 155தான். சமதரையில் நன்றாக இருந்த பிரேக் தொப்பூரில் கைவிடுவது இதனால்தான்.

அந்த நேரத்தில்: இஞ்சினை அணைக்காதீர்கள். பெடலை விட்டு விட்டு மிதியுங்கள், கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். நின்ற பிறகு அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். டிஸ்க்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், விரிசல் விடும். ஆயில் கொதித்திருந்தால் அதை முழுசாக மாற்றும் வரை அந்த வண்டி மலைப்பாதைக்கு ஆகாது. அடுத்த முறை கணவாய் ஆரம்பிக்கும் முன்பே மூன்றாம் கியரோ இரண்டாம் கியரோ போட்டுவிடுங்கள். ஆட்டோமேட்டிக்கிலும் கியரைக் குறைத்து வைக்க வழி இருக்கும்.

பேட், டிஸ்க் மாற்றியே ஆக வேண்டும் என்று தெரிந்த பின்

சமதரை, பின் சக்கரத்துக்கு முட்டுக்கல். நெட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம். பேடோ டிஸ்க்கோ எதுவானாலும் இடது, வலது இரண்டும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பிரியுங்கள். மாட்டும்போது குழப்பம் வந்தால் மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

காலிப்பரைக் கழற்றியதும் ஹோஸில் தொங்கவிடாமல் கட்டுக்கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டுங்கள். தூசியை வாயால் ஊதுவதோ, காற்றடிப்பதோ கூடாது. பிரேக் கிளீனர் அடித்து ஈரமாகத் துடையுங்கள், மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். டிஸ்க் வர மறுத்தால், பல டிஸ்க்குகளில் மரை போட்ட இரண்டு ஓட்டை இருக்கும். அதில் பொருந்தும் போல்ட்டை மாறி மாறி இறுக்கினால் தானே வெளியே வரும். சுத்தியலால் அடித்தால் பேரிங் பாதிக்கப்படும்.

ஹப் முகம், ஸ்லைடு பின், கிளிப் மூன்றையும் மேலே சொன்னபடி சுத்தம் செய்யுங்கள். புது டிஸ்க்கில் துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள், பிரேக் கிளீனரால் இரு பக்கமும் துடைத்துவிட்டு மாட்டுங்கள். ஆயில் டப்பா மூடியைத் திறந்து வைத்து, பழைய பேடைக் குறுக்கே வைத்து சி-கிளாம்பால் பிஸ்டனை மெல்ல உள்ளே தள்ளுங்கள். டப்பாவில் ஆயில் ஏறும், வழிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னாலும் டிஸ்க் உள்ள பல வண்டிகளில் பின் சக்கரத்துப் பிஸ்டனைச் சுற்றிக்கொண்டே தள்ள வேண்டியிருக்கும். எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் என்றால் சர்வீஸ் மோடுக்குக் கொண்டுபோகாமல் தொடவே கூடாது, அது தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். காலிப்பர் போல்ட்டைக் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள்.

மாற்றிய பின் வரும் புகார்கள்

*முதல் மிதியில் பெடல் தரைக்குப் போகிறது:* பிஸ்டனை உள்ளே தள்ளியிருக்கிறோம், அதனால் போகும். வண்டியை எடுக்கும் முன்பே, நின்ற இடத்தில் பெடல் இறுகும் வரை மிதிக்க வேண்டும். லைனைத் திறக்காமலே, பத்துப் பதினைந்து முறை மிதித்தும் இறுகவில்லை என்றால் காலிப்பர், பேட் சரியாக உட்கார்ந்ததா என்று பாருங்கள். அப்படியும் இல்லையென்றால் மெக்கானிக்.

*பிரேக் பிடிப்பு குறைவாக இருக்கிறது:* புதுப் பேடும் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று பழக வேண்டும். வண்டி இல்லாத ரோட்டில் 60 வேகத்தில் இருந்து 15 வரை மிதமாகக் குறைத்து, மறுபடி வேகம் எடுத்து, சுமார் பத்து முறை செய்யுங்கள். நடுவில் முழுசாக நிறுத்தாதீர்கள். முடிந்ததும் கொஞ்ச தூரம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். அதற்குள் கொஞ்சம் வாடை வரும், பயப்பட வேண்டாம்.

*சக்கரத்தைக் கையால் சுற்றவே முடியவில்லை:* லேசான உரசல் சரி. முற்றிலும் இறுகியிருந்தால் பேடின் காது கிளிப்பில் மாட்டியிருக்கும், அல்லது உள்பேடையும் வெளிப்பேடையும் மாற்றிப் போட்டிருப்பீர்கள். பேடைக் கழற்றி மறுபடி உட்காரவையுங்கள்.

*தேய்மானத் தகடு உடனே கீச்சிடுகிறது:* பேடை இடம் மாற்றியோ திசை மாற்றியோ மாட்டியிருக்கலாம். மறுபக்கத்தோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள்.

50, 100 கிலோமீட்டர் ஓடிய பின் வீல் நெட்டை மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள், ஆயில் அளவையும் பாருங்கள். ஏதாவது ஒரு சக்கரத்தின் உள்பக்கம் ஈரம் தெரிந்தால் அன்றைக்கே பட்டறைக்குச் சொல்லி ஆளை வரவழையுங்கள்.